கையில் இருந்த 5200 டிரான்சிஸ்டருக்கு ஒரு மாடல்: கோயில் கொடையில் எரிந்த ஆம்ப்ளிஃபயர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய பட்டறை. சுற்றுவட்டாரத்துச் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுப்பதுதான் தொழில். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். 2என்3055 டிரான்சிஸ்டர் காலத்தில் சோல்டர் கம்பி பிடித்தவர். இப்போது எல்லோரையும் போல 5200, 1943 என்ற பவர் டிரான்சிஸ்டர் ஜோடிக்கு மாறிவிட்டார். கூட நிற்பது அவருடைய அக்கா மகன், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவன்; இனி தம்பி என்று சொல்வது அவனைத்தான். கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போர்டு அடிக்கும் பழக்கம் அவன் வந்த பிறகுதான் பட்டறைக்கு வந்தது. நான் பாலிடெக்னிக் ஆசிரியன். அவன் என்னிடம் படித்தவன். அப்படித்தான் இந்த விஷயம் என்னிடம் வந்தது.

ஆம்ப்ளிஃபயரின் அமைப்பு இது. சப்ளை கூட்டலும் கழித்தலுமாக 42 வோல்ட். அவுட்புட்டில் இரண்டு ஜோடி டிரான்சிஸ்டர். ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.22 ஓம். சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றிலும் 50 மில்லியாம்பியர் ஐடில் கரன்ட். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம் சுமை. உச்சத்தில் ஒரு டிரான்சிஸ்டர் 4.5 ஆம்பியர் வரை தர வேண்டும்.

நெல்லைச் சீமையில் ஆம்ப்ளிஃபயரைக் கொடை என்னும் கோயில் திருவிழாதான் சோதிக்கிறது. சாயங்காலம் பாட்டுப் போடத் தொடங்கினால் வில்லுப்பாட்டு, சாமக்கொடை எல்லாம் முடிந்து விடியும் வரை பெட்டி அணையாது. சித்திரை வெக்கை. புழுதிக்குப் பயந்து பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவார்கள். நடுச்சாமத்தில் லைன் வோல்டேஜ் 250க்கு ஏறினால், உள்ளே 42 என்பது 46ஐத் தொடும். ஆய்வகத்து மேசையில் இதில் எதுவும் கிடையாது.

நடந்தது

சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நாங்குநேரிப் பக்கத்து ஊர் ஒன்றில் வில்லுப்பாட்டு முடியும் நேரத்தில் சத்தம் அடைத்துக்கொண்டது. பியூஸ் போயிருந்தது. புது பியூஸ் போட்டதும் அதுவும் போனது. திறந்து பார்த்ததில் 5200 இரண்டும் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஷார்ட். சாமக்கொடைக்கு மைக் இல்லாமல் போனது அந்த ஊர்க்காரர்களுக்குச் சாதாரண விஷயமல்ல. சவுண்ட் சர்வீஸ்காரர் மறுநாள் பட்டறைக்கு வந்து நின்றபோது அவர் முகத்திலேயே அது தெரிந்தது என்றார் அண்ணாச்சி. பத்து நாள் கழித்து அம்பாசமுத்திரம் பக்கம் இன்னொரு பெட்டி, அதே பழுது. இரண்டும் பங்குனியில் புதிதாக வாங்கிய டிரான்சிஸ்டர்களைப் போட்டவை.

"சார், கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடுது. கொடையிலதான் நிக்க மாட்டேங்கு. என்ன செய்யச் சொல்லுதிய?" என்று அண்ணாச்சி கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பிரச்சினை முழுவதும் இருந்தது. கணினியில் ஓடியது எது, கொடையில் ஓடியது எது என்பதை நாங்கள் யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

முதல் சோதனைகள்

எரியாத மூன்றாவது பெட்டி ஒன்றை மேசையில் வைத்து, 4 ஓம் டம்மி லோடு மாட்டி, ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தோம். சிமுலேஷனில் மேல் உச்சி 37 வோல்ட் வரை போய்த்தான் தட்டையானது. மேசையில், சப்ளை தொய்வைக் கணக்கில் எடுத்த பிறகும், 31லேயே தட்டையானது. கீழ் உச்சி 35 வரை போயிற்று. அவுட்புட்டின் பேஸுக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் டிரான்சிஸ்டர்கள் விரல் வைக்க முடியாத சூட்டில் இருந்தன.

தம்பி பயன்படுத்திய மாடல், அதாவது டிரான்சிஸ்டரின் குணத்தை மென்பொருளுக்குச் சொல்லும் எண்களின் பட்டியல், இணையத்தில் எடுத்தது. பெயர் சரியாகத்தான் இருந்தது. திறந்து படித்தபோது அதில் ஏழெட்டு பாராமீட்டர்கள் மட்டுமே இருந்தன. பேஸ் மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்குகிறது என்பதுதான் கெயின். அதிக மின்னோட்டத்தில் அது எப்படி விழும் என்று சொல்லும் ஐகேஎஃப் எழுதப்படவே இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 5200 போன்ற பைபோலார் டிரான்சிஸ்டருக்கு, சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் வகை மென்பொருள்கள் அடிப்படையாக வைத்திருப்பது பெல் ஆய்வகத்தில் கம்மெல், பூன் இருவரும் 1970இல் வெளியிட்ட மாடல். ஸ்பைஸ் 1973இல் பெர்க்லியில் வந்தது. அதில் நாம் எழுதாமல் விட்ட பாராமீட்டர் காலியாக நிற்காது. மென்பொருள் தன் இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். ஐகேஎஃப்புக்கு அந்த மதிப்பு முடிவிலி. அதாவது எத்தனை ஆம்பியர் இழுத்தாலும் கெயின் குறையாத ஒரு டிரான்சிஸ்டர். உள் மின்தடைகளுக்கு இயல்பு மதிப்பு பூஜ்யம். எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு பொருளை வைத்துத்தான் இரண்டு வருடமாகப் போர்டு வடிவமைத்திருந்தான். குறை அவனுடையது மட்டுமல்ல. வகுப்பில் நான் மாடலை ஒரு பெயராகத்தான் காட்டினேன், உள்ளே திறந்து காட்டவில்லை.

நாமே மாடல் எழுதுவது என்ற முடிவு

எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஆலைத் தரவுத்தாளில் உள்ள வளைவுகளைப் பார்த்து மாடலைத் திருத்தலாம். அல்லது பட்டறை டப்பாவில் கிடக்கும் டிரான்சிஸ்டரையே அளந்து எழுதலாம். தரவுத்தாள் வழி ஒரு சாயங்கால வேலை. ஆனால் டப்பாவில் இருப்பது அந்தத் தரவுத்தாளுக்கு உரிய பொருள்தானா என்ற சந்தேகம் எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. 5200இல் டூப்ளிகேட் நிறைய உலவுவது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அளப்பது என்று முடிவு செய்தோம். புது சரக்கிலிருந்து ஐந்து, பழைய ஒரிஜினல் பெட்டியிலிருந்து கழற்றிய ஒன்று, மொத்தம் ஆறு.

அளவெடுப்பு

கர்வ் டிரேசர் எங்களிடம் இல்லை. ஆர்டுயினோ ஒன்று, ஒரு மாஸ்ஃபெட், 0.1 ஓம் மின்தடை, கல்லூரி ஆஸிலோஸ்கோப், இவ்வளவுதான் கருவி. அரை வினாடிக்கு ஒரு முறை 300 மைக்ரோ வினாடி மட்டும் மின்னோட்டத்தைத் திறந்துவிட்டு அளந்தோம். டிரான்சிஸ்டர் சூடாவதற்குள் அளவு முடிந்துவிட வேண்டும்.

முதல் சுற்றில் இரண்டு தவறு செய்தோம். ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு அளந்தோம். அறை 34 டிகிரி. மென்பொருளோ பாராமீட்டர்கள் 27 டிகிரியில் எடுத்தவை என்று எடுத்துக்கொள்கிறது. பேஸ் எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஏழு டிகிரிக்கு 14. சின்ன எண்தான். ஆனால் அது அடுக்குக்குறியில் உட்காருகிறது. அதனால் ஐஎஸ் என்ற சாச்சுரேஷன் கரன்ட் 10 பிகோ ஆம்பியர் என்று வர வேண்டியது 17 என்று வந்தது. டிநாம் என்ற பாராமீட்டரில் அளந்த வெப்பநிலையை எழுதியிருந்தாலே போதும். எங்களுக்கு அது தோன்றாததால், விடியற்காலை ஐந்தரைக்குப் பட்டறையைத் திறந்து, 27 டிகிரியில் மறுபடி அளந்தோம்.

மறு அளவில் 1 மில்லியாம்பியருக்கு 0.476 வோல்ட், 10க்கு 0.536, 100க்கு 0.596. பத்து மடங்குக்கு 60 மில்லிவோல்ட். புத்தகம் சொல்லும் சாய்வு அப்படியே வந்தது. அந்தச் சாய்வைக் குறிக்கும் என்எஃப்பை 1 என்றே வைத்தோம்.

இரண்டாவது தவறு, கலெக்டர் வோல்டேஜோடு மின்னோட்டம் எவ்வளவு ஏறும் என்று சொல்லும் விஏஎஃப்பில். மெதுவாக மீட்டரைப் பார்த்துப் பார்த்து அளந்தபோது 38 வோல்ட் வந்தது. பவர் டிரான்சிஸ்டருக்கு அது நம்ப முடியாத அளவு குறைவு. கலெக்டர் வோல்டேஜ் ஏற ஏற டிரான்சிஸ்டர் சூடாகி, சூட்டில் கெயின் ஏறி, அந்த ஏற்றத்தைத்தான் நாங்கள் விஏஎஃப் என்று எழுதிக்கொண்டிருந்தோம். பல்ஸ் முறையில் எடுத்ததும் 150க்கு வந்துவிட்டது.

இந்த நிகழ்வில் மிகவும் பயன்பட்டது கெயின் அளவு. புது சரக்கில் சராசரியாக 0.1 ஆம்பியரில் 120, 1 ஆம்பியரில் 95, 3இல் 62, 5இல் 44. இந்த எண்களிலிருந்து ஐகேஎஃப் எடுக்க எளிய வழி ஒன்று உண்டு. கம்மெல் பூன் கணக்கில் கெயின் என்பது பிஎஃப்பை (குறைந்த மின்னோட்டத்தில் உள்ள முழுக் கெயினை), ஒன்றுடன் மின்னோட்டத்துக்கும் ஐகேஎஃப்புக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டி, அதனால் வகுத்தது. ஆகவே கெயினைத் தலைகீழாக்கி மின்னோட்டத்துக்கு எதிரே கிராஃபில் குறித்தால் ஏறக்குறைய நேர்கோடு வரும். தம்பி கிராஃப் தாளில் நான்கு புள்ளி வைத்து ஸ்கேலை வைத்தான். கோடு இடது அச்சை வெட்டிய இடம் 0.0081, அதாவது பிஎஃப் 124. அந்த மதிப்பு இரட்டிப்பாகும் இடம் 3 ஆம்பியர். அதுதான் ஐகேஎஃப். ஒரு ஸ்கேலும் பென்சிலும் போதும். 5 ஆம்பியரில் மாடல் 46 என்கிறது, அளவு 44. எங்கள் வேலைக்கு அது போதுமான பொருத்தம்.

5 ஆம்பியரில் பேஸ் வோல்டேஜ் 0.86 இருந்தது. கணக்குப்படி சுமார் 0.70தான் வர வேண்டும். ஐகேஎஃப்பால் கூடுவது 25 மில்லிவோல்ட். மீதியை எமிட்டரின் உள் மின்தடை ஆர்இ 0.02 ஓம், பேஸின் உள் மின்தடை ஆர்பி 0.3 ஓம் என்று பிரித்தோம். இப்படிப் பிரித்ததில் கொஞ்சம் ஊகம் உண்டு. 1 ஆம்பியர் கெயின் 77 டிகிரியில் 95இலிருந்து 118க்கு ஏறியதால், சூட்டோடு கெயின் ஏறுவதைச் சொல்லும் எக்ஸ்டிபி 1.4. கெப்பாசிட்டன்ஸ், வேகம் இரண்டையும் அளக்க வசதியில்லை. தரவுத்தாளின் 200 பிகோ ஃபேரட், 30 மெகாஹெர்ட்ஸ் இரண்டையும் வைத்து, கெப்பாசிட்டன்ஸுக்குச் சிஜேசி 480 பிகோ ஃபேரட், வேகத்துக்கு டிஎஃப் 5.3 நானோ வினாடி என்று போட்டோம். அளக்காததை அளந்ததுபோல் காட்டக் கூடாது என்று ஃபைலிலேயே குறிப்பு எழுதச் சொன்னேன்.

புது மாடலை வைத்து ஓட்டியதும் மேல் உச்சி 32 வோல்ட்டில் தட்டையானது. மேசையில் கண்டது 31. டிரைவர் தர வேண்டிய மின்னோட்டம் பழைய மாடலில் சுமார் 105 மில்லியாம்பியர், புதியதில் 195. டிரைவர் சூட்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கீழ் உச்சி மட்டும் பொருந்தவில்லை. கீழ்ப் பக்கத்தை ஓட்டும் 1943க்கு இதே எண்களைக் கண்ணாடிப் பிம்பமாகப் போட்டிருந்தோம், அது தவறு. பிறகு அளந்தபோது அந்தச் சரக்கின் கெயின் 3 ஆம்பியரில் 88, தரம் வேறு.

மாடல் சொல்லாதது

உச்சி தட்டையாவது வேறு, டிரான்சிஸ்டர் எரிவது வேறு. அதைத் தம்பிதான் கேட்டான்: "இதுல எங்க சார் எரியுது?" எரியவில்லை. இந்த மாடல் எரியவும் செய்யாது. சாதாரண கம்மெல் பூன் மாடலில் டிரான்சிஸ்டர் தன் சூட்டைத் தானே உணராது. நாம் கொடுத்த வெப்பநிலையில் விடிய விடிய அப்படியே ஓடும்.

அன்று மாலை அண்ணாச்சி செத்த 5200 ஒன்றையும் செத்த பழைய ஒரிஜினல் ஒன்றையும் வைஸில் பிடித்து உடைத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. பழையதில் செம்புத் தகட்டின் மேல் அகலமான சிலிக்கான் சில்லு. புதியதில் அதே அளவு தகட்டின் நடுவே ஒரு மூக்குத்திக் கல் மாதிரி ஒரு துணுக்கு. அண்ணாச்சி அதைச் சுண்டுவிரல் நகத்தில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இத்துனூண்டு வச்சா நூத்தம்பது வாட்டுனு எழுதியிருக்கான்?" என்றார். கொஞ்ச நேரம் வேறொன்றும் பேசவில்லை.

சில்லு சிறிதென்றால் சூடு வெளியே போகும் வழி குறுகும். எவ்வளவு குறுகுகிறது என்று அளந்தோம். தெரிந்த மின்னோட்டத்தில் பேஸ் வோல்டேஜே தெர்மாமீட்டர். 20 வாட் கொடுத்து, சட்டென்று 50 மில்லியாம்பியருக்கு மாற்றி, வோல்டேஜ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தோம். ஒரிஜினலில் 35 மில்லிவோல்ட், புதியதில் 84. அதாவது உள்ளிருந்து உறை வரை ஒரு வாட்டுக்குப் புதியதில் 2.1 டிகிரி. ஒரிஜினலுக்குத் தரவுத்தாள்படி 0.83.

இதன் பிறகுதான் புது மாடல் தன் முழு வேலையைச் செய்தது. சிமுலேஷனில் ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் தனித்தனி வெப்பநிலை கொடுக்கலாம். ஐடில் கரன்ட்டை நிர்ணயிக்கும் பயாஸ் டிரான்சிஸ்டர் போர்டில் நிற்கிறது, ஹீட் சிங்கில் இல்லை; எனவே அதற்கு 38 டிகிரி, அவுட்புட்டுக்கு 78 டிகிரி என்று கொடுத்தோம். 50 என்று வைத்த ஐடில் கரன்ட் 230 மில்லியாம்பியர் ஆனது. மைகா தாளுக்கு 0.5, நால்வர் பங்கிட்டுக்கொள்ளும் ஹீட் சிங்குக்கு 2 என்று வைத்தால் மொத்த வெப்பத் தடை புதியதற்கு 4.6, ஒரிஜினலுக்கு 3.3. ஒரு டிகிரி சூட்டில் கூடும் மின்னோட்டம், அதனால் கூடும் வாட், அந்த வாட்டால் மறுபடி கூடும் டிகிரி. ஒரு டிகிரி இந்தச் சுற்றைச் சுற்றி வரும்போது ஒரு டிகிரிக்கு மேல் ஆகிவிட்டால் சூடு திரும்பி வராது. புதியதற்கு அந்த எல்லை சுமார் 170 மில்லியாம்பியர். ஒரிஜினலுக்கு 450க்கு மேல். போர்த்திய துண்டுக்குள் 230ஐத் தொட்ட பெட்டி ஒரிஜினலைப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். இந்தச் சரக்கைப் போட்டதால் செத்தது.

எடுத்த முடிவுகள்

முதலில், பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கிலேயே திருகுவது. சூடு ஏறும்போது அதுவும் சேர்ந்து சூடாகி ஐடில் கரன்ட்டை இழுத்துப் பிடிக்கும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இரண்டாவது எமிட்டர் மின்தடை. 0.22ஐ 0.33 ஆக்கினால், பயாஸ் போர்டிலேயே இருந்தாலும் ஐடில் கரன்ட் 190இல் நின்றது. எல்லை 460க்குத் தள்ளிப்போனது. உச்சத்தில் இழப்பது அரை வோல்ட். மூன்றாவது ஜோடி சேர்க்கலாம் என்பது தம்பியின் விருப்பம். அதையும் ஓட்டிப் பார்த்தோம். டிரைவர் சூடு குறைந்தது, ஆனால் போர்டையே புதிதாக அடிக்க வேண்டும். ஏற்கெனவே விற்ற பெட்டிகளில் அதைச் செய்ய முடியாது என்பதால் 0.33 போதும் என்று நிறுத்தினோம். இந்த ஒப்பீட்டை ஒரு டிரான்சிஸ்டரையும் கொல்லாமல் ஒரே ராத்திரியில் செய்ய முடிந்ததற்கு எங்கள் மாடல்தான் காரணம்.

மூன்றாவதில்தான் வாக்குவாதம். கையில் நாற்பது ஜோடி மிச்சம் இருந்தது. குப்பையில் போட அண்ணாச்சிக்கு மனமில்லை, அதில் நியாயமும் இருந்தது. 28 வோல்ட் சப்ளையில் 8 ஓம் பெட்டி ஒன்றை மட்டும் ஓட்டும் சிறிய ஆம்ப்ளிஃபயரில் இதே மாடலைப் போட்டுப் பார்த்தோம். உச்ச மின்னோட்டம் ஒரு ஜோடிக்கு 3 ஆம்பியருக்குள், வாட்டும் குறைவு. அந்தச் சரக்கு அதற்கு மட்டும் என்று டப்பாவில் சிவப்பு மையால் எழுதி வைத்தார்.

தொடர்ந்து நடந்தது

ஏற்கெனவே விற்ற பெட்டிகளில் பதினொன்றை வைகாசியில் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்தார்கள், கூலி வாங்கவில்லை. ஆடிக் கொடை முடியும் வரை அவற்றில் ஒன்றின் அவுட்புட் மட்டும் போனது. ஸ்பீக்கர் ஒயர் மிதிபட்டு ஷார்ட் ஆனதால், அது வேறு கதை. மாற்றாத பெட்டி ஒன்று வள்ளியூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஆனியில் எரிந்தது. அதிலும் அதே சரக்கு.

இப்போது எந்தச் சரக்கு வந்தாலும் இரண்டு சோதனை நடக்கிறது: 3 ஆம்பியரில் பல்ஸ் கெயின், 20 வாட் சூட்டு அளவு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் நாளே ஒன்றை உடைத்துப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரம் அளவெடுத்த பிறகு வைஸுக்குப் போனோம். உடைத்திருந்தால் மாடல் தேவையில்லை என்று ஆகியிருக்காது. எதை முதலில் அளப்பது என்று தெரிந்திருக்கும்.

ஐந்து டிரான்சிஸ்டரின் சராசரி நாற்பதுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டது சரியல்ல. அந்த ஐந்துக்குள்ளேயே 3 ஆம்பியர் கெயின் 51இலிருந்து 70 வரை சிதறியிருந்தது. சராசரிக்கு ஒரு மாடல், மோசமானதற்கு ஒரு மாடல் என்று இரண்டு எழுதியிருக்க வேண்டும். இணையாக நிற்கும் இரண்டில் எது அதிகம் சுமக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஃபைல் எழுதும்போது ஒரு சின்னப் பிசகு. 1 மெகா ஓம் என்று நினைத்துத் தம்பி 1 எம் என்று அடித்தான். ஸ்பைஸில் எம் என்றால் மில்லி, பெரிய எழுத்தானாலும் சிறிய எழுத்தானாலும். மெகாவுக்கு மெக் என்று முழுதாக எழுத வேண்டும். ஒரு சாயங்காலம் வீணானது. இப்போது என் வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன், ஐகேஎஃப் இல்லாத மாடல் ஒன்றைத் திரையில் திறந்து காட்டிவிட்டு.

வெப்பச் சுற்றைச் சிமுலேஷனுக்குள்ளேயே கட்டுவது இன்னும் பாக்கி. வாட்டை மின்னோட்டமாகவும் டிகிரியை வோல்ட்டாகவும் வைத்து, வெப்பத் தடையை மின்தடையாகப் போட்டால், கையால் வெப்பநிலை கொடுத்து 230 என்று கண்டதை மென்பொருளே நேரத்தோடு வரைந்து காட்டும். ஹீட் சிங்க் எத்தனை நிமிடத்தில் சூடேறுகிறது என்ற அளவு மட்டும் வேண்டும். அடுத்த பங்குனிக்கு முன் ஒரு பெட்டியில் துண்டைப் போர்த்தி, தெர்மோகப்பிளை மாட்டி, விடிய விடிய ஓட்டி எடுப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். எந்தத் துண்டு என்று கேட்டேன். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் அவர் கொடைக்குக் கொண்டுபோகும் துண்டையே வாங்கி வைத்திருக்கிறான்.